கீழே கிடந்த கோடு

வேலந்தாவளத்தில் மழை
தமிழ்நாட்டுப் பக்கம் நின்றுவிட்டது.
எடைமேடை மாடியின் தகரக் கூரையில் மட்டும்
இன்னும் கேரளத்து மழை.
கீழே பல்லடத்துக் கறிக்கோழி லாரி,
அதன் பின்னால் நாமக்கல் முட்டை,
அதற்கும் பின்னால் விளக்கை அணைத்துவிட்டுத் தூங்கும் யாரோ.

மணி ஒன்றே கால்.
திரையில் ஒரே வரி திரும்பத் திரும்ப:
சான்று எண் இல்லை.
சான்று எண் இல்லை.

"இருக்குதுங்களே" என்கிறார் நாச்சிமுத்து.
லுங்கி மடிப்பிலிருந்து பாலிதீன் உறை,
உறைக்குள் கால்நடை டாக்டர் கையெழுத்திட்ட தாள்.
இருக்கிறதுதான்.
அவர் போன் அதை அனுப்புகிறதுதான்.
அனுப்பும் பக்கம் எழுதியவள் நான்.
ஒவ்வொரு கேள்வியின் தலையிலும் ஹெட்டர் சீட்டுகள்:
என்ன கருவி, எந்த வாசல், எந்த மொழி,
கடைசியில் என் கையால் சேர்த்தது,
சான்று, அண்டர்ஸ்கோர், எண்.

வாங்கும் பக்கத்து ஸ்கிரிப்டிடம்
வந்ததையெல்லாம் கொட்டிக் காட்டு என்றேன்.
கொட்டியது.
முதலில் தமிழ், கிடைக்காவிட்டால் மலையாளம்,
மலையாளத்துக்குப் புள்ளி எட்டு மதிப்பு.
யாரும் கேட்டிராத அந்த விருப்பம்கூட
நனையாமல் வந்து சேர்ந்திருக்கிறது.
சான்று வரவில்லை.
பிழை என்று சொல்லவில்லை, மாட்டேன் என்று சொல்லவில்லை,
பதிவேட்டில் ஒரு கீறல் இல்லை.

உலகத்துக்கும் என் ஸ்கிரிப்டுக்கும் நடுவில்
சர்வர் என்று ஒருவன் நிற்கிறான்.
பெயரில் கோடு கீழே கிடந்தால் அவனுக்கு ஆகாது.
திருப்பி அனுப்பமாட்டான், திட்டமாட்டான்.
வாங்கிக்கொள்வான்.
காலடியில் நழுவவிட்டு
அடுத்ததைக் கூப்பிடுவான்.
கையேட்டில் சொல்லியிருக்கிறார்கள்,
நான் படிக்காத மூலையில்.

அண்டர்ஸ்கோரை அழித்து ஹைஃபன் போட்டேன்.
"இன்னொருக்கா அமுக்குங்க."
அமுக்கினார்.
வந்தது.

எப்படி வந்திருக்கிறது என்று பார்த்தேன்.
எழுத்தையெல்லாம் பெரிதாக்கி
(தமிழில் இல்லாத பவிசு)
முன்னால் ஒரு குலப்பெயரும் ஒட்டி,
நடுவில் நின்ற கோட்டைத் தட்டிக்
கீழே படுக்கவைத்து
ஸ்கிரிப்டின் கையில் கொடுத்திருக்கிறான்.
எந்தக் கோட்டுக்காக மூன்று மணி நேரம் தள்ளினானோ
அதே கோடு.
அவன் போட்டால் சரி.

க.க.சாவடிப் பள்ளியில் நான் மு. கோகிலவாணி.
பாலக்காட்டுக் கல்லூரிக்கு அப்படியே எழுதி அனுப்பினேன்.
மூன்று வாரம் பதில் இல்லை.
மறுக்கவும் இல்லை, எங்கேயோ கிடந்தது.
போய் நின்றபோது
கண்ணாடியைத் தூக்காமலே அந்தம்மா
அப்பாவை எடுத்துப் பெயருக்குப் பின்னால் வைத்தார்.
கோகிலவாணி எம்.
அன்று மத்தியானமே அடையாள அட்டை.
பஸ்ஸில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தேன்,
அப்பா எனக்குப் பின்னால் ஏறியவர் மாதிரி இருந்தது.

"என்னங்க கோளாறு?"
"ஒரு கோடு கீழ கெடந்துச்சுங்க.
தூக்கி நடுவுல வெச்சேன்."
"அதுக்கா இத்தன நேரம்? கோழி செத்துப்போகுமுங்க."
ஏழு செத்திருந்தது. எண்ணிவிட்டுத்தான் சொன்னார்.

அச்சடித்த சீட்டை விளக்கடியில் பிடித்தார்.
நாச்சிமுத்து பி.
"இந்தப் பீ யாருங்க?"
"உங்கப்பாதானுங்க."
"எங்கப்பன் முன்னாடியில்ல நிப்பாரு" என்று
மடித்து, பாலிதீனுக்குள் சொருகி, ஏறிக்கொண்டார்.

லாரி இறங்கிப் போன பிறகும்
எடைமேடை பூஜ்யத்துக்கு வரவில்லை.
நாற்பது கிலோ என்றது,
முப்பத்தைந்து என்றது,
தேங்கிய தண்ணீர் வடிய வடிய.
முட்டைக்காரர் ஹாரன் அடித்தார்.