கருப்பட்டி வந்த வெள்ளி

பிக்கப்பின் பின்கதவைத் திறந்து
அரைமணி நேரம் ஆயிற்று.
அது இறங்கவில்லை.
பலகையில் ஒரு குளம்பை வைக்கும்,
பலகை டொம் என்னும்,
எடுத்துக்கொள்ளும்.

மக்தூம் காணொளிகளில் கற்றதையெல்லாம்
ஒவ்வொன்றாய்ச் செய்து பார்த்தார்.
கயிற்றைத் தளர்த்தினார், பக்கவாட்டில் நின்றார்,
கண்ணைப் பார்க்காதீங்க என்று எங்களையும் அதட்டினார்.
நானும் பிள்ளைகள் இருவரும்
பள்ளிவாசல் சுவரைப் பார்த்தபடி நின்றோம்
வீட்டுப்பாடம் எழுதாதவர்களைப் போல.
பர்காவின் காற்றில் கடலும் ஆட்டுப்புழுக்கையும்.

இரண்டு வயதுகூட நிறையவில்லை,
பால்பல் விழவில்லை என்றார் தோட்டக்கார ஹமூத்.
பந்தயத்துக்கு ஆகாத உயரம்.
இடது காதின் நுனியில் ஒரு கிழிசல்.
அதனால்தான் எங்களுக்குக் கட்டுபடியானது,
அதுவும் ஆறு தவணையில்.

என்ன நிறம் இது என்று ருமைஸா கேட்டாள்.
உடன்குடிக் கருப்பட்டி என்றேன்.
சொன்ன வாய்க்குள் காப்பி மணத்தது.
பேர் அதுவே நின்றுவிட்டது.
ஹமூதுக்குப் 'ப' வராது.
கருபத்தி, கருபத்தி என்று அவர் கூப்பிடக்
கிழிந்த காது மட்டும் திரும்பியது.

கடைசியில் அதை இறக்கியது ஒரு வெள்ளாடு.
பேரீச்சையடியில் நின்று பலமாகத் தும்மியது.
யாரது என்று பார்க்க
நாலு காலும் ஒன்றாய்க் குதித்து
மண்ணுக்கு வந்துவிட்டது எங்கள் குதிரை.
மக்தூம் கயிற்றோடு கொஞ்ச தூரம் போனார்.

ஹமூத் ஒரு கட்டுப் பச்சைப்புல் தந்தார்.
ஊரில் இதற்குக் குதிரைமசால் என்று பேர்.
குதிரையே இல்லாத தெருவில்
பேரை மட்டும் தெரிந்து வைத்திருந்தேன் இத்தனை நாள்.

முன்பு இந்தக் கரைகளிலிருந்து
நம்ம காயல் துறைக்குக் கப்பல் கப்பலாய்க் குதிரை போச்சாம்,
மக்தூம் பெருமையாகத்தான் ஆரம்பித்தார்.
பாதிவழியில் தாகத்தில் செத்தவற்றைக்
கடலில் தள்ளிய இடம் வந்ததும்
தொண்டையைச் செருமிக்கொண்டு
நிறைந்த தொட்டியையே
இன்னொரு தரம் நிரப்பினார்.

இரவு, மீன் ஆணத்தின் முன்னால்
கணக்குப் போட்டோம்.
நாலு வயது ஆகாமல் முதுகில் ஆள் ஏறக்கூடாது.
அப்போது ருமைஸாவுக்குப் பதினாலு முடிந்திருக்கும்.
வாப்பா வீட்டு உயரம் அவளுக்கு,
போன பெருநாள் சட்டை முட்டிக்கு மேல் நிற்கிறது.
குதிரையைவிட வேகமாய் வளர்கிறாள்.
விசா இன்னும் பதினேழு மாதம்,
புதுப்பித்தால் உண்டு.
ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.
முள்ளைத் தட்டோரம் ஒதுக்கியபடி
அவளே சொன்னாள்,
"உமைருக்கு அப்போ சரியா இருக்கும்."

உமைருக்கு ஐந்து வயது.
பூனைக்கே நாற்காலியில் ஏறி நிற்பவன்.
காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான்,
மேசைக்கடியில்
ஏதோ வந்துவிட்டதைப் போல.

விடிகாலையில், வெயில் விழிக்குமுன்,
இப்போது தினமும் போகிறாள்.
முதல் வாரம் சும்மா பக்கத்தில் நிற்பது மட்டும்.
பிறகு கழுத்து. பிறகு தோள்.
முன்னங்கால் ஒன்றை
மூன்று எண்ணும்வரை உயர்த்தி வைப்பது.
பிளாஸ்டிக் பை பறந்தால் இன்னும் மிரள்கிறது,
ஒருமுறை அவள் காலை மிதித்தது,
கட்டைவிரல் நகம் கறுத்து விழுந்தது.
அழுதாளா என்று கேட்டேன்.
கருப்பட்டியா, இல்லையே என்றாள்.

நேற்றுத் துவைக்கத் துணி பிரிக்கையில்
உமைரின் பள்ளிச்சட்டை ஒன்றைக் காணோம்.
மாலையில் அவள் பையிலிருந்து வந்தது,
கசங்கி, பழுப்பு முடி ஒட்டி.
தினமும் அதன் மூக்கருகே பிடித்து
முதுகில் மெல்லப் போட்டு எடுக்கிறாளாம்.
ஆள் யாரென்று அதுக்கு முன்கூட்டியே தெரியணும் உம்மா.

உமைர் சட்டையைப் பிடுங்கிக்கொண்டான்.
முகர்ந்தான்.
ச்சீ ராத்தா என்று முகத்தைச் சுளித்தான்.
நாங்கள் பார்க்கவில்லை என்று நினைத்து
இன்னொரு தரம் முகர்ந்தான்.