அடுத்தாள் கணக்கு

கண்டனூர். துர்முகி வருஷம், கார்த்திகை.
ஒரே சாயங்காலம் இரண்டு வேன்கள் வந்து நின்றன.
இரண்டுக்கும் வயிரவஞ்செட்டியார் வீட்டுப் பக்கச் சுவர் வேண்டுமாம்.
ஊரில் அதைவிட வெள்ளைச் சுவர் இல்லை,
திரை கட்டாமலே படம் விழும்.

வீட்டுக்காரர்கள் பினாங்கில். சாவி என்னிடம்.

ஒரு வேனில் பால்பவுடர் டின்கள்,
டிராக்டர் ஓட்டும் சிரித்த முகங்கள்.
மற்றதில் இரும்பு உருக்கும் உலை,
அங்கேயும் சிரித்த முகங்கள்.
திங்கள் உங்களுக்கு, செவ்வாய் அவர்களுக்கு என்றேன்.
இரண்டு டிரைவர்களும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார்கள்.

அடைக்கப்பன் விடவில்லை.
"ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு காலா?
நாடு நம் கைக்கு வந்து ஒன்பது வருஷம்.
பெரிய கையாகப் பார்த்துப் பிடித்துக்கொள்ள வேண்டாமா?"

நான் மோல்மீன் கிட்டங்கியில்
பதினோரு வருஷம் அடுத்தாளாக இருந்தவன்.
வட்டி எழுதிய கை இது.
நாலு கடையில் வாங்கியவன் வெறும் கடன்காரன்தான்,
நின்று பேரம் பேசுவான்,
"எதிர்க்கடையில் இவ்வளவுதானே" என்பான்,
நாமும் அரைக்கால் வட்டி குறைப்போம்.
ஒரே கடையில் வாங்கியவனோ
மூன்றாம் வருஷம் நமக்குக் குடை பிடிப்பான்.
அவன் வயலில் என்ன நடுவது என்று
நாம் சொல்லத் தொடங்குவோம்.
சொல்லியிருக்கிறேன்.
நெல் நின்ற நிலம் கடைக்கு எழுதப்பட்ட அன்று
கைநாட்டைச் சரிபார்த்தேன்,
முகத்தைப் பார்க்கவில்லை.

அப்புறம் அந்தத் தை மாதம்.
மேலே ஜப்பான்காரன், கீழே வெள்ளைக்காரன்,
நடுவில் எங்கள் இரும்புப் பெட்டி.
பெட்டியடிப் பையன் சோலையனைப்
பேரேடுகளுக்கு அடியிலிருந்து இழுத்தோம்.
பதினாலு வயது. எந்தச் சண்டையிலும் சேராதவன்.
சேர்க்கப்பட்டவன்.
லண்டனில் ஒரு காலை யுத்தம் என்றார்கள்,
எங்கள் எல்லோர் பெயரும் அதில் இருந்தது.
ஒருவரும் எங்களைக் கேட்கவில்லை.

"நம் கையெழுத்து நம்மிடம் வந்தே
ஒன்பது வருஷம்தான் அடைக்கப்பா.
அதை வெற்றுத்தாளில் போட்டு
ஒருத்தனிடம் கொடுக்கச் சொல்கிறாயா?"

அவன் பத்திரிகையை என் முன்னால் விரித்தான்.
எங்கோ இரண்டு ஊர்கள் எரிந்துகொண்டிருந்தன.
"இந்த ஊருக்குச் சத்தம் போட்டோம்.
இதற்கு முணுமுணுத்தோம்.
இது எந்தக் கடைக் கணக்கு?"

நான் சாவிக்கொத்தை எண்ணிக்கொண்டிருந்தேன்.

திங்கள் டிராக்டர் ஓடியது. செவ்வாய் இரும்பு உருகியது.
பிள்ளைகள் இரண்டுக்கும் கைதட்டின,
பால்பவுடரை மட்டும் இரண்டு நாளும் நக்கின.
புதன்கிழமை சுவரில் வெயில்.
ஓர் ஆடு வந்து முதுகைத் தேய்த்துவிட்டுப் போனது.

வெற்றுத்தாளில் போடாதது சரிதான்.
இப்போதும் அதையே சொல்வேன்.
ஆனால் அந்த முணுமுணுப்பு இருக்கிறதே,
ராத்திரி ஐந்தொகை கட்டும்போதெல்லாம்
அங்கேதான் உதைக்கிறது.