சிவப்பு, கறுப்பு

வெள்ளிச் சந்தையில் இருபத்திரண்டு தினாருக்குப்
பேரம் படிந்தது.
நாட்டைக் காலி செய்துகொண்டு போன யாரோ ஒரு லெபனான்காரரின்
ஸ்பீக்கர் ஜோடி.
இடது பெட்டியின் முகத்துணியில்
பூனை கிழித்த மூன்று கோடு.

பெட்டி இருபத்திரண்டு,
கம்பி முப்பத்தெட்டு, என்றான் நிஸ்தார்.
நீலப் பாம்புபோல் சுருட்டி, வெல்வெட் பையில் வைத்து,
ஆக்சிஜன் இல்லாத செம்பு என்று
கடைக்காரர் சொன்னாராம்.
காத்து இல்லாம பாட்டு எப்படிப்பா மூச்சு விடும்,
சப்பாத்தி மாவைப் பிசைந்தபடி கேட்டான் கனிராஜ்.

நான் பகலெல்லாம் ரிஃபைனரியில்
கேபிள் சோதிப்பவன்.
இந்த முனையில் நான், அறுநூறு மீட்டர் தள்ளி
வாக்கிடாக்கியில் ஒரு பிலிப்பினோ.
வருதா? வருது.
அடுத்தது. வருதா?
செம்புக்கு நீளம் தெரியும், பருமன் தெரியும்,
கொஞ்சம் சூடு தெரியும்.
வெல்வெட் தெரியாது.
மூன்று மீட்டருக்கு மேசை விளக்கின் வயரே தாராளம்
என்று சொல்லிவிட்டேன்.
சொல்லியிருக்க வேண்டாம்.
நிஸ்தார் அன்று சாப்பிடாமல் படுத்தான்.

டிசம்பர் வந்தது.
ஃபஹாஹீலில் ஏசியை அணைத்த முதல் ராத்திரி
காது திடீரென்று பெரிதாகிவிடுகிறது.
நாலாம் மாடியிலிருந்து
எதிர்க்கட்டட லிஃப்டின் பெருமூச்சு கேட்டது,
குழாயில் யாரோ கால் கழுவுவது கேட்டது.
ஏழு மாத இரைச்சலுக்குள்
எந்தக் கம்பி என்ன சொல்லியிருக்கும்?
இப்போது வை பந்தயத்தை, என்றேன்.

விளக்கு வயரை வெட்டினேன்.
இருவர் கண்ணிலும் துண்டு கட்டினேன்.
நூறு ஃபில்ஸ் காசைச் சுண்டி,
மரக்கலம் விழுந்தால் நீலக் கம்பி,
எண் விழுந்தால் விளக்கு வயர்.
பத்து முறை. ஒரே பாட்டு, ஒரே சத்தம்,
ஒரு கச்சேரிப் பதிவின் முதல் இரண்டு நிமிடம்.

கனிராஜுக்கு ஐந்து.
எல்லாவற்றுக்கும் நீலம் என்றே சொல்லியிருந்தான்.
நிஸ்தாருக்கு ஒன்பது.

ஒன்பதா?
துண்டை அவிழ்த்துவிட்டு அவன் சொன்னான்:
உன் வயர்ல அந்தம்மா ரூமுக்குள்ளயே இல்ல.
சுவத்துல எங்கயோ ஒட்டிக்கிட்டுப் பாடுது.
நீலத்துல, இங்க,
இரண்டு பெட்டிக்கும் நடுவே, வெற்றுத் தரையைக் காட்டினான்,
இங்க உக்காந்து பாடுது.

அவர்கள் தூங்கிய பின் டார்ச் அடித்துப் பார்த்தேன்.
விளக்கு வயரின் இரண்டு இழையும் வெள்ளை.
மார்க்கரால் நான் வைத்த புள்ளி
வலது பெட்டிக்குப் போகும் முனையில்
தப்பான இழையில் இருந்தது.
சிவப்பில் கறுப்பு, கறுப்பில் சிவப்பு.
ஒரு கூம்பு முன்னே தள்ளும்போதெல்லாம்
மற்றது பின்னே இழுத்திருக்கிறது.
மிருதங்கத்தின் தொப்பியை
இரண்டும் சேர்ந்து தின்றிருக்கின்றன.
பாடகிக்கு உட்கார இடம் இல்லாமல் போயிருக்கிறது.

ஒன்பது முறை அவன் கேட்டது
கம்பியை அல்ல, என் பிழையை.

பதினோரு வருடமாகக் கையெழுத்துப் போடுகிறேன்,
முனைகள் சரிபார்க்கப்பட்டன என்று.

இழையை மாற்றி முறுக்கினேன்.
சத்தத்தைக் குறைத்துத் தனியாகக் கேட்டேன்.
அந்தம்மா வந்து நடுவில் உட்கார்ந்தாள்.
நீலத்தைப் போட்டேன். அங்கேயேதான் இருந்தாள்.
திரும்ப வயர். திரும்ப நீலம்.
இம்மிகூட நகரவில்லை.
முப்பத்தெட்டு தினாரை நினைத்தேன்.
அவன் காட்டிய வெற்றுத் தரையையும்.

நீலத்தையே மாட்டிவிட்டுப் படுத்தேன்.

காலையில் கம்பெனி பஸ்ஸில் சொல்லிவிட்டேன்.
தப்பு என்னுடையது, இன்றைக்கு மறுபடி வைப்போம், என்றேன்.
நிஸ்தார் ஜன்னல் பக்கம் திரும்பினான்.
தூரத்தில் சுடர்கோபுரம் பகலிலும் எரிந்துகொண்டிருந்தது.
கொஞ்ச நேரம் கழித்து,
அப்ப என் காது சரிதானே, என்றான்.

சரிதான்.

பந்தயம் மறுபடி நடக்கவில்லை.
கூட்டும்போது கனிராஜ் நீலக் கம்பியை மட்டும்
கையால் தூக்கிப் பிடித்துக் கூட்டுகிறான்.
மேசை விளக்குக்கு இன்னும் வயர் போடவில்லை.
அது என் வேலைதான்.