முனை மாறுதல்

ஒன்பதாம் அறைக் கதவின் உட்புறம்
ஆணியில் தொங்குகிறது அட்டவணை.
இடம். மல்லாக்க. வலம்.
இரண்டு மணிக்கு ஒரு தரம்.
கடைசிக் கட்டத்தில்
திருப்பியவரின் முதலெழுத்து.

நேரிங்கா லங்காஷயருக்கு வந்து
முதலில் கற்றவை வினைச்சொற்கள்.
'ரோல்' என்றால் மூன்று எண்ணி
ஓர் ஆளை ஒருக்களிக்க வைப்பது.
'ஷிஃப்ட்' தலையணையை நகர்த்த;
இரவு முழுக்க விழித்திருப்பதற்கும் அதுவே பெயர்.
'பட்ஜ்' என்றால் அசைவது,
ஆனால் அசையாதவற்றைப் பற்றித்தான்
அதைச் சொல்கிறார்கள்.
'ஃப்ளிப்' மெத்தைக்கும் ஆம்லெட்டுக்கும்
மோரீனின் கோபத்துக்கும்.

'டர்ன்'தான் பிடிபடவே இல்லை.
கடலில் ஓதம் டர்ன் ஆகிறது.
ஒருவருக்கு எண்பது வயது டர்ன் ஆகிறது.
ஊழியர் அறையில்
பால் டர்ன் ஆகிவிட்டது என்று சீட்டு ஒட்டியிருந்த அன்று
எந்தப் பக்கம் என்று சுற்றிப் பார்த்தாள்.
முகர்ந்த பிறகுதான் தெரிந்தது,
திரிந்திருந்தது.

அவள் பிறந்த லிதுவேனியாவில்
ஒன்றைப் புரட்டுவதும்
ஒரு மொழியை இன்னொன்றாய்ப் பெயர்ப்பதும்
ஒரே வினை.
ஆளே புரண்டால் அந்தச் சொல்லுக்கு
ஒரு சின்ன வால் முளைக்கும்.
இங்கே வால் கிடையாது.
'டர்ன்ட்' என்று எழுதினால்
புரண்டாரா, புரட்டினார்களா,
தாளுக்குத் தெரியாது.

த்ரெல்ஃபாலுக்கு எண்பத்தாறு வயது.
வலப்பாதியைப் பக்கவாதம் கொண்டுபோயிற்று.
முப்பத்தோரு வருடம்
கடலோர டிராமில் நடத்துநர்.
"டிராம் திரும்பாது, பெண்ணே"
என்பார் இடது வாயோரத்தால்.
கடைசி நிறுத்தத்தில் ஓட்டுநர்
கைப்பிடியைக் கழற்றிக்கொண்டு
மறுமுனைக்கு நடப்பார்.
இவர் நடுவே போய்
இருக்கைகளின் முதுகை
ஒவ்வொன்றாய்த் தள்ளி விடுவார்.
டக். டக். டக்.
இருபத்துநான்கு தரம்.
வண்டி நின்ற இடத்தில் நிற்கும்.
பின்பக்கம் முன்பக்கமாகியிருக்கும்.
'சேஞ்ச் எண்ட்ஸ்' என்பார்களாம் அதை.
முனை மாறுதல்.

விடுப்பு முடிந்து வந்த செவ்வாய்க்கிழமை
அவள் மழைக்கோட்டைக் கழற்றுமுன்
மோரீன் சொன்னாள்:
த்ரெல்ஃபாலுக்கு நேற்று ஒரு டர்ன்.
தானாகவா!
கைதட்டியே விட்டாள் நேரிங்கா.
மோரீன் பார்த்த பார்வையில்
அந்தச் சொல்லின் மிச்சப் பொருளும்
விளங்கிவிட்டது.

இப்போது இடது வாயோரமும் இல்லை.
இடம் திருப்பினால் மருந்து அலமாரி.
மல்லாக்கக் கிடத்தினால் கூரையில் ஈரக்கறை.
வலம் என்றால் கதவு, அதில் அட்டவணை.
சன்னல் தலைமாட்டில்.
ஏழு மாதமாய் எப்படிப் புரட்டினாலும்
கடல் அவர் தலைக்குப் பின்னால்தான்.

அதிகாலை நான்கு.
இடக்கை விரல்கள் போர்வை ஓரத்தைத்
தள்ளுகின்றன, விடுகின்றன,
தள்ளுகின்றன.
சத்தமில்லை.
எண்ணினாள். பதினொன்றோடு நின்றுபோயிற்று.

மோரீனைக் கூப்பிட்டாள்.
தலையணை கால்மாட்டுக்குப் போயிற்று.
"தலையை உயர்த்தும் பொத்தான்
இனிக் காலைத்தான் தூக்கும்,
காலையில் யார் பதில் சொல்வது?"
முணுமுணுத்துக்கொண்டே மோரீன்
வழுக்குத் துணியின் மறுமுனையைப் பிடித்தாள்.
ஒன்று. இரண்டு. கொஞ்சம் கொஞ்சமாய்,
கடிகார முள் போல,
மூச்சு வாங்க வாங்க.
கட்டில் பட்ஜ் ஆகவில்லை.

சன்னலில் இன்னும் இருட்டு.
கடல் இருப்பதே தெரியவில்லை.
தூரத்தில் காற்றாலைகளின் சிவப்பு விளக்குகள்.
அவற்றைத்தான் பார்த்தாரா,
கண் திறந்திருந்தது, அவ்வளவுதான்.

இடம், மல்லாக்க, வலம்,
எந்தக் கட்டத்திலும் அது அடங்கவில்லை.
ஓரத்தில் எழுதினாள், எழுத்துப்பிழையோடு,
சேஞ்ச்ட் எண்ட்ஸ்.
முதலெழுத்துக் கட்டத்தில் தன்னுடையது,
மோரீனுடையது,
கொஞ்சம் இடம் விட்டு
அவருடையது.

அடுத்தது ஆறு மணிக்கு.