இரண்டு நாற்பது

நூறு மீற்றர் அகலக் கிண்ணம்
ஐஃபெல் மலையிடுக்கில் மல்லாந்து கிடக்கிறது.
அதற்கு வெள்ளை அடிப்பது என் வேலை.
அடித்து முடிக்க மூன்று கோடை.
முடிகிற அன்றைக்கு, தொடங்கிய மூலையில் துரு.

காலையில் கிண்ணம் எங்களுக்கு,
இரண்டு மணிக்கு மேல் வானத்துக்கு.
பிறகு நானும் ஸ்பிக்னியெவும் கீழிறங்கி
வேலிக்குப் பச்சை அடிப்போம்.
வாசலிலேயே கைபேசியை அணைத்துப்
பெட்டியில் போட்டுவிட வேண்டும்.
அவர்கள் கேட்பது அவ்வளவு மெல்லிய சத்தம்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்போம்.
இவர்களுக்கு அந்த ஒரு சோறும் இல்லை.
அதன் ஆவியைப் போல ஏதோ ஒன்று
ஆயிரமாயிரம் வருடம் நடந்து வந்து
நான் பூசிய வெள்ளையில் பட்டுத் தெறிக்கிறது.
அதை வைத்து முழுப் பானையையும் சொல்கிறார்கள்.
பானையில் இருபதில் பத்தொன்பது பங்கு
என்னவென்றே தெரியாதாம்.
தெரியாது என்று சொல்லவும் இங்கே சம்பளம் உண்டு.
நான் செய்த எந்த வேலையிலும் அப்படி நடந்ததில்லை.

ஆவணி நடுவில் அது வந்தது.
ஏழு துடிப்பு, ஓர் இடைவெளி, மறுபடி ஏழு.
முதல் நாள் யாரும் பேசவில்லை.
இரண்டாம் நாள் கட்டுப்பாட்டு அறையில்
விளக்கு விடியும்வரை எரிந்தது.
மூன்றாம் நாள் கேக் வெட்டினார்கள்,
எங்களுக்கும் இரண்டு துண்டு.
'யாரோ கூப்பிடுகிறார்கள்' என்றான் ஸ்பிக்னியெவ்
வாயில் கிரீமோடு.

நான்காம் நாள் அன்னெகிரெட் ஷ்லூட்டர்
கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு படியில் இருந்தார்.
விண்மீன் என்றால்
நாளுக்கு நான்கு நிமிடம் முந்தி வரவேண்டும்.
இதுவோ நாலு நாளும் சரியாக இரண்டு நாற்பது.
'வேலை நேரம் பார்த்து வருகிறது' என்றார்.
'அப்படியென்றால் மனிதன்தான்.'

என் கையில் தூரிகை நின்றது.
பெயின்ற் கொட்டிலின் சுவரில்
நான் மட்டும் அறிந்த ஒரு செருகுமுனை.
அதில் சோறு சூடாக்கும் பை,
பொன் நகரச் சந்தையில் ஒன்பது யூரோ.
சூடு ஏறியதும் உள்ளே டக் டக்கென்று
வெட்டி ஒட்டும்.
ஏழு தடவை. நான் எண்ணியதில்லை,
வானம் எண்ணியிருக்கிறது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் போல,
சோற்றை இந்தக் கிண்ணத்திடம் மறைக்க முடியாது.
பையைத் தூக்கிக்கொண்டு போய்
அவர் மேசையில் வைத்தேன்.
பருப்பு மணம் அறையெல்லாம்.
வேலை போய்விட்டது என்றே நினைத்தேன்.
அவர் மூடியைத் திறந்து பார்த்தார், மூடினார்.
பதிவேட்டில் நேரம் எழுதி, எதிரே எழுதினார்:
'மூலம்: பூமி. பரராசசிங்கம். மதிய உணவு.'
பெயரில் ஒரு எழுத்தும் பிழையில்லை.

இந்த நாட்டில் இருபத்திரண்டு வருடம்.
முதல் விசாரணை அறையில், என் அண்ணனைப் பற்றி
நான் சொல்லிக்கொண்டிருந்தபோது
மொழிபெயர்ப்பாளர் கொட்டாவி விட்டார்.
அதிகாரி பேனையைத் தட்டித் தட்டிப் பார்த்தார்,
மை வரவில்லை.
பிறகு இங்கே, மூவாயிரம் தொன் இரும்பு
என் பக்கம் காதைச் சாய்த்து
நான்கு நாள்
மூச்சுவிடாமல் கேட்டிருக்கிறது.

ஸ்பிக்னியெவுக்குத்தான் கோபம், கேக் இனி இல்லை என்று.
இப்போது ஆறிய சோறுதான் சாப்பிடுகிறேன்.
குழம்பின் எண்ணெய் உறைந்து விளிம்பில் ஒட்டும்.
சில நாள் கரண்டியை வைத்துவிட்டு யோசிப்பேன்:
அந்தக் கணக்கு முன்பே தெரிந்திருந்தால்
நாளுக்கு நான்கு நிமிடம் முந்திப் பசித்திருப்பேன்.
ஒரு மாதமாவது
விண்மீனாய் இருந்திருக்கலாம்.

மாதம் முடிய இரண்டு மணிநேரம் வந்துவிடும், என்றான் அவன்,
அது காலை வேலைக்குள் போகும்,
ஃபோர்மன் விடமாட்டான்.