இடதுகால் செருப்பு

நாலரைக்கே கோரிமேட்டில் இறங்கிவிட்டேன்.
கடலூரில் ஏறிய பஸ்ஸில்
பாதிப் பேர் மடியில் ஃபைல் இருந்தது.
மீதிப் பேர் மஞ்சள் பையில் வைத்திருந்தார்கள்.

கம்பிக்கதவு திறக்கவில்லை.
ஓ.பி. சீட்டுக்கான வரிசை அதற்குள்
தரையில் உட்கார்ந்திருந்தது:
தண்ணீர் பாட்டில்,
நாலாய் மடித்த துண்டு,
செங்கல் வைத்து அழுத்திய எக்ஸ்ரே உறை,
கடைசியில், எனக்கு முன்னால்,
இடதுகால் ஹவாய் செருப்பு ஒன்று.
நீலம். வார் பிய்ந்து
ஊக்கு குத்தியது.

என் கழுத்தில் ஒரு கட்டி.
எலுமிச்சை அளவென்று நான் சொல்வேன்,
புளியங்கொட்டை என்பான் என் தம்பி.
டாக்டர் மில்லிமீட்டரில் எழுதியிருந்தார்.

தூணுக்கு இந்தப் பக்கம் பையை வைத்துவிட்டு
டீ குடிக்கப் போனேன்.
திரும்பி வந்தால் பை
தூணுக்கு அந்தப் பக்கம் இருந்தது,
விழாமல் சுவரில் சாய்த்து.
செக்யூரிட்டி வந்து வரிசையை நெருக்கச் சொன்னாராம்.
ஜிப்பை இழுத்துப் பார்த்தேன், எல்லாம் இருந்தது.
யாரையும் கேட்காமல் நின்றுகொண்டேன்.

ஆறேகாலுக்கு வரிசை அசைந்தது.
பாட்டிலுக்கு ஆள் வந்தார்.
துண்டுக்கு வந்தார்.
செருப்புக்கு வரவில்லை.

காலால்தான் முதலில் தள்ளினேன்.
செருப்புதானே.
இரண்டு தரைக்கல் போனதும்
என்னவோ போலிருந்தது,
யாருடைய காலையோ
தெரிந்தே மிதிப்பது மாதிரி.
குனிந்து கையால் எடுத்து வைத்தேன்.
குதிகால் பதியும் இடம் தேய்ந்து
அப்பளமாக இருந்தது.

"ஆளில்லாத செருப்புக்கு எதுக்குங்க எடம்?
எடுத்து ஓரமா போடுங்க"
என்றார் பின்னாலிருந்த நெல்லிக்குப்பத்துக்காரர்.
அவர் சொன்னதில் நியாயம் இருந்தது.
அவர் மனைவி தூணில் சாய்ந்து
கண்ணை மூடிக்கொண்டிருந்தார்,
புறங்கையில் ஊசி குத்திய பிளாஸ்டரோடு.
"வந்துருவாங்க" என்றேன்.
யார் வருவார்கள் என்று எனக்கென்ன தெரியும்.

கவுண்டருக்கு நாலு பேர் இருக்கையில்
மறுபடி நகர்த்த வேண்டியிருந்தது.
குனிந்தால் எனக்குக் கழுத்து இழுக்கும்.
பார்த்துக்கொண்டே நின்றேன்.
"நகருங்க" என்று அலுத்தபடி
நெல்லிக்குப்பத்துக்காரர் என்னைத் தாண்டிக் கை நீட்டி
செருப்பை எடுத்து முன்னால் வைத்தார்.
கோணலாக இருக்கிறதென்று
திருப்பியும் வைத்தார்,
விரல் பக்கம் கவுண்டரைப் பார்க்க.

அடுத்தது செருப்புதான் என்றானபோது
அந்தம்மா வந்தார்.
தோளில் தூங்கும் பையன்.
வாந்தியைக் கழுவிய ஈரம் சேலையில்.
வலதுகாலில் நீலம், இடதுகால் வெறுங்கால்,
நடையில் ஒரு காலின் சத்தம் மட்டும்.
வரிசையைப் பார்க்கவில்லை, எங்களையும்.
தரையைப் பார்த்துக்கொண்டே வந்து
காலை நுழைத்தார்,
வாசலில் விட்டது
விட்ட இடத்திலேயே இருந்த மாதிரி.

பேரு?
அஞ்சலாட்சி. எனக்கில்ல சார், புள்ளைக்கு.
புள்ள பேரு?
லோகித்.
ஊரு?
குள்ளஞ்சாவடி.

சீட்டை வாங்கிக்கொண்டு போயே விட்டார்.
நெல்லிக்குப்பத்துக்காரர்
வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டார்.
நானும் துடைக்கலாமா என்று யோசித்தேன்,
அதற்குள் என் முறை.

வெளியே வந்தபோது மணி இரண்டு.
வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள்.

அரியாங்குப்பம் பாலத்தில் பஸ் ஊர்ந்தபோதுதான்
பையின் ஞாபகம் வந்தது.
யார் நகர்த்தியிருப்பார்கள்?
எனக்கு முன்னால் அந்தச் செருப்பு.
நான் டீக்கடையில் நின்ற நேரத்தில்
அது காலோடு இருந்திருக்கலாம்.
ஒரு தோளில் பிள்ளை,
இன்னொரு கையில் என் பை.
இல்லாமலும் இருக்கலாம்.

ஆல்பேட்டை செக்போஸ்டில்
போலீஸ்காரர் ஒருவர் ஏறினார்.
பாட்டில் இருக்கிறதா என்று
ஒவ்வொரு பையாக அமுக்கிப் பார்த்துக்கொண்டு வந்தார்.
என் பையைத் திறந்தார்.
ஸ்கேன் உறை தட்டுப்பட்டது.
ஜிப்பை அவரே இழுத்து மூடி
என் மடியில் வைத்துவிட்டு
அடுத்த சீட்டுக்குப் போனார்.