பயன்பாட்டில் உள்ளது

பிப்ரவரி. கொக்கோலா துறைமுகத்தில்
கடல் என்று சொல்ல எதுவும் அசையவில்லை.
பனியுடைக்கும் கப்பல் கிழித்துப்போன கறுப்புக் கோடு
மாலைக்குள் தன்னைத்தானே தைத்துக்கொள்ளும்.

அலுவலகத்தின் பழைய சர்வரைக் காலிசெய்ய
ஊலுவிலிருந்து வந்திருக்கிறாள் ஹில்க்கா.
ஈர பூட்ஸைக் கழற்றி ஹீட்டரடியில் சாய்த்துவிட்டு
கம்பளிக் காலுறையோடு உட்கார்ந்தவள்
முதல் வேலையாக ஒரு சிறு கட்டத்தில் டிக் வைக்கிறாள்:
மறைந்திருப்பவற்றையும் காட்டு.

காட்டியது.
தண்ணீர் கலந்த பால்போல் வெளிறிய ஐகான்கள்.
யாருடைய மேக்கோ புகுந்த ஃபோல்டருக்கெல்லாம்
விட்டுப்போன காலடி.
என்றோ அழித்த படங்களின் நகக்கண் அளவு மிச்சம்:
ஒரு படகு, ஒரு நாய், ஒரு தோள்.
புள்ளியில் தொடங்கும் பெயர்கள் நாற்பது, ஐம்பது.

எழுத்தின் தலையில் புள்ளி வைத்தால்
உயிர் போய் மெய் மிஞ்சும்.
பெயருக்கு முன்னால் வைத்தால்
முகம் போகும். எடை மிஞ்சும்.

சல்மே காபியோடு வந்தாள்.
'வந்ததுதான் வந்தீர்கள், இதையும் பாருங்களேன்.'
பனிப்பாதை அட்டவணை. திறந்தால் ஒரே பதில்:
ஒய்வா ரௌத்தியோ இதைத் திருத்திக்கொண்டிருக்கிறார்.
வாசிக்க மட்டும் திறக்கவா?

ஒய்வா ஓய்வுபெற்று ஆறு வருஷம்.

ஆறு வருஷமாகக் காலையில் 'சரி' என்று தட்டி
நகல் எடுத்திருக்கிறார்கள். நகல், நகல் இரண்டு,
கடைசி, கடைசி சரியானது, ஆர்வியுடையது தொடாதே.
ஏனென்று யாரும் கேட்கவில்லை.
ஆள் இருந்த காலத்திலும் அப்படித்தானே,
அட்டவணை கேட்டால் தலை நிமிராமல்
'ஒரு நிமிஷம்' என்பார்.

ஹில்க்கா அதைக் கண்டுபிடித்தாள்.
அட்டவணைக்குப் பக்கத்திலேயே, வெளிறி,
பெயரின் முன்னால் அலைபோல் ஒரு கோடு,
பிறகு டாலர் குறி.
நூற்று அறுபத்தைந்து பைட்.
பிரித்துப் பார்த்தால் பெயர் மட்டும், இரண்டு முறை:
ஒருமுறை நெருக்கி எழுதியது,
ஒருமுறை எழுத்துக்கு எழுத்து இடைவெளி விட்டு,
தூரத்திலிருந்து கூப்பிடுவதுபோல.

கடைசி நாள் கேக் வெட்ட அழைத்தார்களாம்.
எழுந்து போனார். வேறு மேசைக்கு வேண்டுமென்று
யாரோ கணினியைச் சுவரிலிருந்து பிடுங்கினார்கள்.
மூடச் சொல்ல ஆளில்லாத கதவு.

'அழிக்கலாமா?' என்றாள் ஹில்க்கா.
ஆர்வி ஆர்வியைப்போல் இல்லாமல்,
'அவரைக் கேட்டுவிடுவோம்' என்றார்.

தண்ணீர்த் தொட்டிக் கோபுரத்தின் பின்னால்தான் வீடு.
ஆனால் ஒய்வா வீட்டில் இல்லை. உறைந்த கடலின் மேல்
துளைபோட்டுத் தூண்டில் விட்டுக்கொண்டிருந்தார்.
ஸ்பீக்கரில் முதலில் காற்றுதான் வந்தது.
'நானா? நான் எதையும் தொடவில்லையே.'
விளக்கினார்கள். வெகுநேரம் காற்று.
'எச் பத்தி இன்னும் சிவப்பாக இருக்கிறதா?'
'இருக்கிறது.'
'மாற்றவில்லையா?'
'மாற்ற முடியாதே, ஒய்வா.'
சிரித்தாரோ, மூக்கை உறிஞ்சினாரோ.
'அழியுங்கள். அழிக்கும்போது சொல்லுங்கள்.'
'அழித்துவிட்டேன்.'
'ம்' என்றார். பிறகு, 'கொத்துகிறது, வைக்கிறேன்.'

அட்டவணை திறந்தது, கேள்வி கேட்காமல்.
மூவரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.
திருத்தலாம். எதை என்று தெரியவில்லை.
சல்மே எச் பத்தியில் ஒரு கட்டத்தைத் தொட்டாள்,
கர்சர் துடித்தது, எதுவும் அடிக்கவில்லை.

ஹில்க்காவின் திரையில் அதே நொடி
வெளிறிய ஒன்று புதிதாக முளைத்தது.
அலை, டாலர். உள்ளே சல்மே, இரண்டு முறை,
இரண்டாவது முறை இடைவெளி விட்டு.
சொல்லலாமென்று திரும்பினாள்.
சல்மே அதைத் திறந்தபடியே விட்டுவிட்டு
காபி ஊற்றப் போயிருந்தாள்.